உப்புக் கரையில் போட்ட கொட்டை

சிதம்பரத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். தண்ணீர் உப்பாகிவிட்டது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மோட்டாரைக் கழற்றினால் தெரிந்துவிடும். முன்பெல்லாம் கடலோரத்து ஊர்களிலிருந்து வருகிற மோட்டார்தான் உள்ளே அரித்துப்போய், செம்புக் கம்பியெல்லாம் பச்சை பூத்து வரும். இப்போது கடலுக்குத் தூரத்தில் இருக்கிற குமராட்சிப் பக்கத்திலிருந்து வருவதும் அப்படித்தான் இருக்கிறது. கோடையில் ஆற்றில் நல்ல தண்ணீர் இறங்கி வருவதில்லை. அதற்குப் பதில் கடல் ஏறி வருகிறது.

கிள்ளை போகும் வழியில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. மேற்கே ரோடு, கிழக்கே வாய்க்கால். இரண்டுக்கும் நடுவே ஒரு நீளக் கரை. அதில் பதினோரு தென்னை வைத்திருந்தேன். வாய்க்காலில் கடல்தண்ணீர் ஏற ஆரம்பித்த பிறகு, கிழக்குக் கோடியிலிருந்து வரிசையாகச் செத்தன. முதலில் குரும்பை கொட்டும், பிறகு மட்டை தொங்கும், கடைசியில் குருத்து சாயும். ரோட்டோரத்தில் யாரும் வைக்காமல் வளர்ந்த இரண்டு கிழட்டுப் பனை மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி நின்றன.

கடலூரில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். போனேன். பருவம் மாறுகிறது, கடலோரத்தில் இனி தென்னை தாங்காது, பனை வையுங்கள் என்று ஏசி அறையில் ஒருவர் பேசினார். நான் எழுந்து, "வளர்ந்த பனை உப்பத் தாங்குது, அது எனக்கே தெரியும். உப்புல கொட்டை மொளைக்குமா, அதச் சொல்லுங்க" என்றேன். அவர் திரையில் அடுத்த படத்துக்குப் போய்விட்டார். பிறகு பிஸ்கட் கொடுத்தார்கள். பஸ்ஸில் வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தேன்.

ஏன் அவ்வளவு கோபம் என்றால், அப்போது ஒருவர் என் நிலத்தை இறால் குட்டைக்குக் குத்தகை கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தார். குட்டை வெட்டினால் அந்த மண்ணில் பிறகு புல்கூட வராது. பக்கத்து வயல்காரனும் கெட்டுப்போவான். ஆனால் ஒன்றும் விளையாத நிலத்தை வைத்துக்கொண்டு வீம்பு பேசவும் முடியாது. "ஒரு வருஷம் டைம் குடுங்க. கிழக்குக் கரையில பனை மொளைச்சா நிலம் எங்கிட்ட இருக்கும். மொளைக்கலன்னா வெட்டிக்குங்க" என்று சொல்லிவிட்டேன். என் பெண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் தம்பி மங்கலம்பேட்டையில் இருக்கிறான். அது பனை நிறைந்த மேட்டு நிலம். அவனுக்குப் போன் போட்டு, "மச்சான், கொட்டை போடணும், ஒரு மூட்டை கொண்டாடா" என்றேன். புரட்டாசியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டான். நானும் அவளும் ஆறடிக்கு ஒன்றாகக் கரை நெடுக, ரோட்டிலிருந்து வாய்க்கால் வரைக்கும் போட்டோம். ஐப்பசி மழை ஒரு மாதத்துக்குப் பெய்ய வேண்டியதை இரண்டு நாளில் கொட்டியது. அதோடு காற்றும் சேர்ந்து, வாய்க்கால் பொங்கி, கரையின் கிழக்குப் பாதியில் உப்புத்தண்ணீர் ஒரு வாரம் நின்றது. வடிந்த பிறகு மண் மேலே வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. நான் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன்.

பொங்கலுக்கு முந்தின வாரம் மச்சான் கடைக்கு வந்தான். கையில் தூக்குவாளி. உள்ளே அவித்த பனங்கிழங்கு, சூடாக. நானும் கையைத் துடைத்துவிட்டு இரண்டு கிழங்கை நார் உரித்துத் தின்றேன். நல்ல மாவுக் கிழங்கு.

"எங்கடா வாங்கின?"

"வாங்குறதா? உங்க கரைதான் மாமா. காலையிலேர்ந்து தோண்டி, அங்கயே அவிச்சு எடுத்தாந்தேன். என்னா மாமா இப்புடித் தூரத் தூரமாப் போட்டு வச்சிருக்கீங்க? எங்கூர்ல மண்ணக் குவிச்சு மொத்தமா அடுக்குவோம். குழிக்குக் குழி நடந்தே என் இடுப்பு போச்சு!"

வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

"அது மரத்துக்குப் போட்டதுடா!"

"மரத்துக்கா? கொட்டை போடணும்னுதான மாமா சொன்னீங்க? கொட்டை போடுறதுன்னா கிழங்குக்கு. மரத்துக்குன்னா பனை வைக்கிறதுன்னு சொல்லணும். அதுவும் பனைய எவன் மாமா வைப்பான்? அது தானா வரும்."

"தானா வந்திருந்தா நான் ஏண்டா போடுறேன்?"

எங்கள் ஊரில் நெல்தான். போடுவது, வைப்பது எல்லாம் எங்களுக்கு ஒன்றுதான். அது அவனுக்குத் தெரியாது. அவன் ஊர் பேச்சு எனக்குத் தெரியாது. பொங்கலுக்குள் கிழங்கு எடுக்காவிட்டால் முற்றி வீணாகுமே என்று, அக்கா வீட்டுக்கு உதவியாகத் தோண்டியிருக்கிறான். இதெல்லாம் இப்போது புரிகிறது. அன்றைக்குக் கையிலிருந்த ஸ்பேனரை அவன் மேல் எறியாமல் இருந்ததே பெரிது.

"மொத்தமும் எடுத்துட்டியா?"

"மேக்கால பூரா எடுத்துட்டேன். கிழக்கால உப்பு பூத்துக் கெடக்கு, அங்க என்னா மொளைச்சிருக்கப் போவுதுன்னு மம்முட்டியே வைக்கல."

ஆக, முளைத்ததெல்லாம் தூக்குவாளியில். முளைக்காதது கரையில். வீட்டில் சொன்னபோது அவள், "பழம் தின்னு கொட்டை போட்ட ஆளுன்னு நெனச்சேன். நீங்க கொட்டைய போட்டு கிழங்கையும் தின்னுட்டீங்க" என்றாள். தம்பியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் அவனோடு பேசுவதை நிறுத்தினேன்.

ஆவணியில் குத்தகைக்காரர் வந்துவிட்டார். எல்லை காட்டச் சொன்னார். கூட ஒரு ஆளும் அரிவாளும். கிழக்குக் கரை ஓரமாக நடந்தோம். "இந்தப் புல்லெல்லாம் வெட்டித் தள்ளிடுறோம் சார், அளக்க வசதியா இருக்கும்" என்றார். அவர் 'சார்' போட்டதே எனக்கு எரிச்சலாக இருந்தது. "புல்லப் புடுங்க எனக்குத் தெரியாதா?" என்று குனிந்து ஒன்றைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். விரல் அறுத்து ரத்தம் வந்ததே தவிர அது அசையவில்லை. உப்பு மண்ணில் எரிந்த எரிச்சலில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். பிறகுதான் உறைத்தது. இந்த மண்ணில் எந்தப் புல் இப்படி வேர் பிடிக்கும்?

மண்ணைக் கையாலேயே தோண்டினேன். ஒரு முழம் போனேன். அழுகின கொட்டையின் ஓடு ஒரு பக்கம். அதிலிருந்து இறங்கிய கிழங்கு இன்னும் கீழே போய்க்கொண்டிருந்தது. மேலே உப்பு இருந்த அத்தனை நாளும் அது பேசாமல் கீழே இறங்கியிருக்கிறது. பனையின் முதல் ஓலை விசிறி மாதிரி விரியாதாம், கத்தி மாதிரி ஒற்றையாகத்தான் வருமாம். எனக்கு எப்படித் தெரியும்? நான் மோட்டார்காரன்.

தோண்டியதை அவசரமாக மூடினேன். வாய்க்கால் வரைக்கும் எண்ணிக்கொண்டு போனேன். பதினேழு. போட்டதில் பாதிகூட இல்லை. இருந்தால் என்ன? வாய்க்காலுக்கு இரண்டடி முன்னால்கூட ஒன்று நின்றது.

"அளக்க வேணாம். கெளம்புங்க" என்றேன்.

"என்ன சார் திடீர்னு?"

"திடீர்னு இல்ல. ஒரு வருஷமாச்சு."

அவர்கள் வண்டி போன பிறகு கரையிலேயே உட்கார்ந்தேன். இந்தப் பதினேழும் மரமாக எப்படியும் பதினைந்து வருஷம் ஆகும். அதற்குள் கடல் இன்னும் எவ்வளவு ஏறுமோ, நான் இருப்பேனோ. அதையெல்லாம் அன்றைக்கு நினைக்கவில்லை. மச்சானுக்குப் போன் போட்டேன். பொங்கலுக்குப் பிறகு முதல் தடவை.

"மாமா?" குரலில் பயம்.

"கிழக்கால வந்துடுச்சுடா."

"என்னா வந்துச்சு, தண்ணியா?"

"பனைடா, முட்டாள்!"

"நல்லவேளை மாமா, அங்க நான் மம்முட்டி வைக்கல" என்றான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை.

"மேக்கால வெறுமனே கெடக்கு. அடுத்த மாசம் ஒரு மூட்டை எடுத்துக்கிட்டு வா."

"கொட்டை போடவா மாமா?"

"டேய்!"

"சரி சரி. பனை வைக்க வரேன்."