ப்ராக்ஸியைக் கழட்ட மாட்டேன்

நெட் ஓடினால் கம்பெனிக்காரன் புண்ணியம், நின்றால் ப்ராக்ஸி வைத்தவன் பாவம்: இதுதான் எங்கள் தொழில் தர்மம். என்னைப் போல சர்வரைக் கட்டி மேய்க்கிறவர்களே, உம் கொட்டிக்கொண்டே கேளுங்கள்.

செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையத்தில் எனக்கு வேலை. முப்பது மெஷின், ஒல்லியாக ஒரே ஒரு நெட் லைன். எல்லோரும் ஒரே சாஃப்ட்வேரை இறக்க ஆரம்பித்தால் லைன் படுத்துவிடும். அதனால் ஒரு பழைய மெஷினில், மெஷினுக்குள் தனி மெஷின் மாதிரி ஓடும் கண்டெய்னருக்குள், ப்ராக்ஸி வைத்தேன். முதல் ஆள் இறக்கும் ஃபைலை அது சேமித்துவைத்து, அடுத்து கேட்பவர்களுக்கு அதையே எடுத்துக் கொடுக்கும்.

சலீம் பாய் வைத்தியம்

சலீம் பாய் எங்கள் ஹார்டுவேர் ஆள். எது மக்கர் செய்தாலும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் அவர் வைத்தியம். நான் நாஸ்தாவுக்குப் போன நேரம் நெட் கொஞ்சம் இழுத்திருக்கிறது. கண்டெய்னரையே அழித்துவிட்டு இன்னொன்றை எழுப்பிவிட்டார். சேர்ந்த ஃபைலெல்லாம் அதற்குள்தான் இருந்தது, அதோடு போயிற்று.

அன்றைக்கே சேமிப்பை மட்டும் கண்டெய்னருக்கு வெளியே, தனி ஃபோல்டருக்கு மாற்றினேன். இனி எத்தனை கண்டெய்னர் செத்தாலும் சரக்கு பத்திரம் என்று பாயிடம் விளக்கினேன். அவர் முகம் மலர்ந்தது.

"அப்போ இனிமே தைரியமா அழிச்சிகினே இருக்கலாம்னு சொல்லு நைனா!"

வராத ரிசல்ட்

ரேவதி எங்கள் மாணவி. பரீட்சை ரிசல்ட் வந்த அன்று, பொத்தேரி ஹாஸ்டலில் இருக்கும் அவள் தோழி போனில், "நீ பாஸ்டி!" என்று கத்துகிறாள். எங்கள் மெஷினிலோ "முடிவுகள் விரைவில்" என்றே நிற்கிறது. ப்ராக்ஸி காலையில் சேமித்த பக்கத்தையே நீட்டிக்கொண்டிருந்தது. குற்றம் அதனுடையதுதான், மறுக்கவில்லை. இந்தப் பக்கத்தைச் சேமிக்காதே என்று ஒரு வரி எழுதினேன், தீர்ந்தது.

ஓனருக்குத் தீரவில்லை. பிரின்டரில் மை தீர்ந்ததையும் ஏசி குளிராததையும்கூட ப்ராக்ஸி தலையில் கட்டியவர் அவர். "கழட்டிடு" என்றார். "மாட்டேன் சார். கழட்டினா லேப் நின்னுடும்" என்றேன். என் குரல் எப்போதும் மெதுவாகத்தான் வரும். அன்றைக்கும் மெதுவாகத்தான் வந்தது. அதுதான் அவரை இன்னும் உசுப்பிவிட்டது.

"இன்னா தம்பி, ரொம்ப பேஜார் பண்ற? இன்னொரு கம்ப்ளெயின்ட் வரட்டும், அது வெளிய போவும், கூடவே நீயும் போவ!"

கேபிள் அறுந்த காலை

செய்முறைத் தேர்வு. கேட்ட சாஃப்ட்வேரை இறக்கி நிறுவி ஓட்டிக் காட்ட வேண்டும். மாணவர்கள் உட்கார்ந்ததும் நெட் போயிற்று. ரோட்டில் பள்ளம் தோண்டியவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்கள். ஓனர் என்னைப் பார்த்த பார்வையில், நான் பையைத் தூக்கிக்கொண்டு மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டியதுதான்.

ப்ராக்ஸியில் ஒரு வரியை மாற்றினேன்: வெளியே போய்க் கேட்காதே, கையில் இருப்பதைக் கொடு. பயிற்சி நாட்களில் இறக்கியதெல்லாம் அந்த ஃபோல்டரில் அப்படியே இருந்தது. வரிசை வரிசையாக ஒவ்வொரு திரையிலும் விறுவிறுவென்று இறங்க ஆரம்பித்தது. ஓனர் ஒவ்வொரு திரையாக எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். முதலில் முடித்த ரேவதி, அவர் எதிரிலேயே என்னிடம் வந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

"செம ஸ்பீடுண்ணா இன்னிக்கு! அந்தப் பாழாப்போன ப்ராக்ஸிய கழட்டிட்டீங்களா?"

கழட்டவில்லை, கழட்டவும் மாட்டேன். ஏசி குளிராவிட்டால் ஓனர் இன்னமும் என்னைத்தான் முறைக்கிறார், முறைக்கட்டும்.