ஒன்பதாம் மேகம்

கிரேன் ஓட்டுநருக்கு வாய்த்த மருமகனுக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. அவரோடு நாலு வார்த்தை பேசுவதற்காகவே ஐம்பது வயதில் ஆங்கில வகுப்பில் சேர்ந்தார். ‘இஸ்’ எங்கே, ‘வாஸ்’ எங்கே என்பது மட்டும் பிடிபடவே இல்லை.

ஒரு காலை, கிரேன் உச்சியிலிருந்த அவருடைய கண்ணாடி அறையை மேகம் மூடிக்கொண்டது. வேலையை நிறுத்திவிட்டு, வெண்மைக்குள் மிதப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். அப்போது மருமகன் போனில் அழைத்து, பெண் குழந்தை பிறந்திருப்பதாக ஆங்கிலத்தில் சொன்னார். ஓட்டுநருக்குப் படித்த இலக்கணமெல்லாம் மறந்துபோய், வகுப்பில் கேட்ட ஒரு வாக்கியம் மட்டும் நாக்கில் வந்தது.

“ஐ ஆம் ஆன் கிளவுட் நைன்.”

ஒன்பதாம் மேகத்தில் இருக்கிறேன் என்றால் சந்தோஷம் தாங்கவில்லை என்று அர்த்தம். மருமகன் சிரித்தபடி போனை மகளிடம் கொடுத்தார்.

“அப்பா, எங்க இருக்கீங்க?”

“நெசமாவே மேகத்துலதாம்மா. போனைக் கொஞ்சம் பாப்பா பக்கத்துல வை.”

மேகம் விலகும்வரை பேத்தியின் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.