முறை வரும் என்றிருந்த துலுக்காணம்

எனக்குக் கோபம் மூக்குமேல் உட்கார்ந்திருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் வால்வு கம்பெனிக்கு வந்து தணிகைவேல் யார் என்று கேட்டால், "அந்தச் சண்டக்காரனா?" என்றுதான் கை காட்டுவார்கள். துலுக்காணம் அண்ணனுக்குக் கோபமே வராது. பதினாறு வருஷமாகக் கம்பெனி பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் போய் வருகிறோம். அந்த மனுஷன் குரலை உயர்த்தி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. எல்லாரும் அதைப் பெரிய குணம் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், போன பொங்கல் வரைக்கும்.

அவர் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துக்காரர். ஏரியில் வருமானம் குறைந்ததும் எங்கள் ஸ்டோரில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலைக்கு வந்தார். ஆனாலும் பாடு உரிமையை விடவில்லை. பாடு என்பது அவர்கள் ஊர் வழக்கம். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். தன் முறை வராமல் ஒருவரும் அங்கே வலையை இறக்கமாட்டார்கள். "எனக்கு எப்போ?" என்று போய் நச்சரிப்பதும் மானக்கேடு. பேர் இருந்தால் முறை வந்தே தீரும், அதில் ஏமாற்றே கிடையாது. அவர் முறை வருகிற நாளில் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு ஏரிக்குப் போவார்.

அந்தப் புத்தியை அப்படியே தூக்கிக்கொண்டு கம்பெனிக்கும் வந்துவிட்டார். வேலை நிரந்தரம் ஆக நாலு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தார். கேட்டால், "லிஸ்ட்ல பேரு கீது தம்பி, வரும்" என்பார். நான் ஆபீஸ் ரூமில் புகுந்து மேஜையைத் தட்டிய பிறகுதான் ஆர்டர் வந்தது. அவரோ, தன் முறை வந்ததால் வந்தது என்றே நம்பினார். போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

நான் சர்வீஸ் ஃபிட்டர். எங்கள் வால்வு எங்கே மக்கர் செய்தாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். ராய்ப்பூர், பூனா, விசாகப்பட்டினம் என்று மாதம் மூன்று பயணமாவது இருக்கும். அதனால் ஒரு டிராவல் கிளப்பில் மெம்பராக இருக்கிறேன். அதன் பேரைச் சொல்லி விளம்பரம் தர எனக்கு இஷ்டமில்லை. வருஷத்துக்கு ஒன்பதாயிரம் கட்டவேண்டும். அவர்கள் மூலமாக டிக்கெட் போட்டால் புக்கிங் கட்டணம், கேன்சல் கட்டணம், பெட்டிக்கு வாங்கும் கட்டணம், இன்னும் டிக்கெட் காசில் கொஞ்சம் திரும்ப வரும். எனக்கு அது கட்டுப்படியாகிறது. பொய் சொல்லவில்லை, போட்டதைப்போல் மூன்று பங்கு வந்திருக்கிறது. ஒரு நாள் பஸ்ஸில் இரண்டாயிரத்து முந்நூறு வந்ததாகப் போனில் மெசேஜ் விழுந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். பஸ் முழுக்கக் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

அது கார்த்திகை மாசம். அண்ணனின் ஒரே மகள் ரோஜா சூரத்தில் இருந்தாள். மாப்பிள்ளை சசிகுமாருக்கு அங்கே சாயப்பட்டறையில் வேலை. அவளுக்குத் தலைப்பிரசவம், தை மாசக் கடைசி என்று தேதி சொல்லியிருந்தார்கள். முறைப்படி ஏழாம் மாசமே தாய்வீட்டுக்கு அழைத்து வந்திருக்கவேண்டும். நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது, பயணமே கூடாது என்று டாக்டர் தடுத்துவிட்டார். மகள் வரமுடியாவிட்டால் நான் போகிறேன் என்று அங்காளம்மாள் அண்ணி கிளம்பி நின்றாள். அவளுக்கு மூட்டுவலி. ரயிலில் அவ்வளவு நேரம் உட்கார முடியாது. பிளேனில்தான் கூட்டிப்போவேன் என்று அண்ணன் ஆசைப்பட்டார். நல்ல பாடு ஒன்று கிடைத்து, இறால் காசும் கையில் இருந்தது.

"தம்பி, போவ ரெண்டு டிக்கெட்டு, நான் திரும்பி வர ஒண்ணு, மூணு மாசம் கழிச்சி உங்க அண்ணி ரோஜாவ கூட்டிக்கினு வர ரெண்டு. கிளப்புல சேந்தா கட்டுப்படி ஆவுமா?" என்று கேட்டார்.

"ஆவாம இன்னாண்ணா? கண்ண மூடிக்கினு சேரு" என்றேன்.

அவர் போனை வாங்கி, பஸ் கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் நானே எல்லாவற்றையும் நிரப்பி, காசும் கட்டவைத்தேன். அப்புறம் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். அஞ்சு டிக்கெட்டுக்கும் சேர்த்து அவருக்குத் திரும்பி வரக்கூடியது பத்தாயிரம். கட்டியது ஒன்பது. மிச்சம் ஆயிரம் ரூபாய். வருஷத்தில் ஒரு தடவை ஊரைவிட்டுக் கிளம்புகிறவருக்கு எதற்கய்யா கிளப்பு? இதை முதலிலேயே யோசிக்கிற மூளை எனக்கு இருந்திருக்கவேண்டும்.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். காசு கட்டினாலும், அவர்கள் பேப்பர்களைச் சரிபார்த்து நம் கணக்கைத் திறந்துவிட்டால்தான் அந்தக் கிளப்பில் டிக்கெட் போட முடியும். என் விஷயத்திலும் இழுத்தடித்தார்கள். இரண்டாம் நாள் போன் போட்டுக் கத்தினேன், அரைமணியில் திறந்தது. சத்தம் போட்டால்தான் வேலை நடக்கும் என்பதை அண்ணனிடம் சொல்லாமல் விட்டேன். "எனக்கு ரெண்டே நாள்ல வந்துச்சி" என்று மட்டும் சொன்னேன்.

அவர் ஒரு தடவை போன் செய்திருக்கிறார். உங்க பேர் லிஸ்டில் இருக்கிறது சார், வரிசைப்படி வரும் என்று ஒரு பெண் சொல்லியிருக்கிறாள். லிஸ்ட், வரிசை. இந்த இரண்டும் போதாதா அவருக்கு! அதற்குமேல் போனைத் தொடவில்லை. எனக்கு முதல் சீட்டு விழுந்தது, தனக்குக் கடைசியில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டார்.

மார்கழி பிறந்தது. அண்ணி தினமும் பிடுங்கி எடுத்தாள்.

"இன்னாய்யா, கிளப்புக்காரன் தலையாட்டுனாத்தான் என் பொண்ண நான் பாக்கணுமா? அந்தக் கருமத்த உட்டுட்டு எனக்கு மட்டும் ஒரு டிக்கெட்டப் போடு, நான் போறேன்."

"பேரு குட்த்தாச்சி, வரிசைல கீறோம். சண்ட போட்டு முன்னாடி பூந்தா எவன் முறையோ பூடும். தேதிக்குத்தான் இன்னும் நாளு கீதே" என்று இவர் சொல்லியிருக்கிறார்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எந்நேரமும் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தேன். எப்போதாவது பஸ்ஸில் பார்த்தால், "டிக்கெட்டு போட்டாச்சா?" என்று கேட்பேன். "ஆவுது தம்பி" என்பார். சரி என்று தூங்கிவிடுவேன்.

பொங்கலுக்கு எட்டு நாள் இருக்கும்போது ரோஜாவுக்கு உதிரம் போக ஆரம்பித்துவிட்டது. வீட்டில் தனியாக இருந்தாள். பட்டறைக்குள் போன் எடுத்துப்போக விடமாட்டார்கள், சசிகுமாரைப் பிடிக்க முடியவில்லை. எதிர்வீட்டு அம்மாதான் ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறாள். இவளுக்கு அந்த பாஷை அரைகுறை, அவளுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. ஆபரேஷன் செய்து பெண் குழந்தையை எடுத்தார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தது அந்த மகராசியால்.

செய்தி வந்ததும் அண்ணன் ரயிலுக்கு ஓடினார். பொங்கல் கூட்டம், வெயிட்டிங் லிஸ்ட் நூற்றைம்பதைத் தாண்டியிருந்தது. பிளேன் டிக்கெட் மூன்று மடங்கு ஏறிவிட்டது. கையில் இருந்தது பத்தவில்லை. ஜெனரல் பெட்டியிலாவது ஏறிப் போகிறேன் என்று அண்ணி துணியை மூட்டை கட்டிவிட்டாள். "எல்லாம் நல்லா கீது அத்த, காலு வலியோட அலையாதீங்க, மெதுவா வாங்க" என்று மாப்பிள்ளை போனில் தடுத்துவிட்டான்.

நான் ராய்ப்பூரிலிருந்து திரும்பிக் கம்பெனி பஸ்ஸில் ஏறியது அதற்கு ஆறாம் நாள். அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பேத்தி பொறந்துட்டா தம்பி."

"அடி சக்கை! அண்ணி அங்கதான கீறாங்க?"

"இல்ல தம்பி. கிளப்புல நம்ம முறை இன்னும் வரல."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அவர் போனைப் பிடுங்கி, பஸ் மொத்தமும் திரும்பிப் பார்க்க, அந்தக் கிளப்புக்காரனை வாய்க்கு வந்தபடி கிழித்தேன். கன்ஸ்யூமர் கோர்ட்டுக்கு இழுப்பேன் என்றேன். கும்மிடிப்பூண்டி வருவதற்குள் திறந்துவிட்டதாக மெசேஜ் வந்தது. போனை அவரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இவ்ளோதானா தம்பி?" என்றார்.

அதில் கோபமே இல்லை. ஒன்றரை மாசம் அவர் காத்திருந்த கதவு, நான் இருபது நிமிஷம் கத்தியதும் திறந்துவிட்டது. "ஏன்டா பாவி, எங்கிட்ட இத மொதல்லயே சொல்லல?" என்று ஒரு அறை விட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். அதுகூடச் செய்யவில்லை அந்த மனுஷன்.

குழந்தை பிறந்த பன்னிரண்டாம் நாள் இரண்டு பேரும் சூரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அண்ணன் நாலு நாளில் திரும்பி வேலைக்கு வந்தார். அண்ணி மூன்று மாசம் இருந்து, மகளையும் பேத்தியையும் கையோடு அழைத்து வருவதாக ஏற்பாடு. ஆனால் பத்தே நாளில் தனியாக வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்குப் போனேன்.

அண்ணி வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னை உட்காரச் சொன்னாள், டீ போட்டுக் கொடுத்தாள். மகளோடு ஏதாவது சண்டையா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"சண்டயெல்லாம் இன்னா தம்பி. நல்லாத்தான் பேசுனா, வேளைக்கு சோறு போட்டா. புள்ளைக்கு தண்ணி ஊத்தலாம்னு காலு மேல போட்டுக்கினேன். அது வீல்வீல்னு கத்துச்சி. 'உடுமா, எதிர் ஊட்டம்மா வந்து ஊத்துவாங்க, புள்ள அவங்க கைக்குப் பழகிடுச்சி'ன்னு வாங்கிக்கினா. ரெண்டு நாளு பாத்தேன், மூணு நாளு பாத்தேன். ஏம்மா வரல, எங்க போய்த் தொலஞ்சேன்னு ஒரு வார்த்த கேக்கல. கோவமா கேட்டிருந்தா நான் அங்கயே கெடந்திருப்பேன் தம்பி."