முட்டுச் சந்து

இன்று காலை எங்கள் சுவரில் யாரோ சிவப்புப் பெயிண்டில், ரோட்டுக்கு அளவெடுப்பவர்கள் போடுவதுபோல், அம்புக்குறி போட்டிருந்தார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும், மீன்கூடைகள் சொட்டிச் சொட்டி ஈரம் காயாமல், வீடுகளின் பின்புறமாக வளைந்து வளைந்து கடலுக்குப் போய்க்கொண்டிருந்த இதே திருவொற்றியூர்ச் சந்தின் பழைய கோலம் நினைவுக்கு வந்தது. அளவு நாடாவோடு எவனாவது வந்தால், பெண்கள் அதன் குறுக்கே வலையைக் காயப்போட்டுவிடுவார்கள். வழி இருப்பது தெரிந்தால் ரோடு போடுவான், ரோடு வந்தால் வீடு போகும் என்று அம்மாவுக்குச் சந்தேகம். "அந்தாண்ட வயி கெடையாது நைனா, முட்டுச் சந்து" என்பாள்.

வழியில்லாத இடம்தானே என்று, பின்னால் வந்த கன்டெய்னர் யார்டுக்காரன் சந்தின் கோடியில் மதில் எழுப்பிவிட்டான்.

சாயங்காலம் டேப்போடு ஒருவன் வந்தான். "இது பீச்சுக்குப் போவுதாக்கா?"

"முட்டுச் சந்து" என்றேன்.

அம்மா சொன்ன பொய்யை எல்லோரும் நம்பினார்கள். நான் சொன்னது உண்மை. இவன் மதில்வரை போய்த் தட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.