கேட்டால் அழுத்துங்கள்

இதை அக்கா சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தால் நானும் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அவள் சிரிக்கவில்லை. கதை கட்டுகிற ஆளும் இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அக்காவுக்கு மருத்துவமனையில் வேலை. காது கேட்கும் திறனைச் சோதிப்பாள். அவள் மேசைக்கு எதிரே சத்தம் புகாத சின்ன அறை ஒன்று உண்டு. நோயாளி அதற்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருவார். ஒலி கேட்டால் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். உடனே வெளியே அக்காவின் திரையில் ஒரு பச்சைச் சதுரம் ஒளிரும்.

புதுக் கம்ப்யூட்டர் வந்தது. பழைய புரோகிராம் அதில் ஓடவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. நோயாளிகளின் பழைய பதிவுகளெல்லாம் அதற்குள். மறுநாள் ஒரு குழந்தைக்குக் காதுக்கருவி பொருத்தியாக வேண்டும்.

கம்ப்யூட்டர்காரர் போனில் வழி சொன்னார். "புதுசுக்குள்ளயே பழைய சிஸ்டத்தை ஒரு விண்டோவுல ஓட விடலாம் மேடம். நாம புது மெஷின்ல இருக்கோம்னு அந்த புரோகிராமுக்கே தெரியாது."

அன்று விடுமுறை. அவள் வீட்டுக்காரர், எங்கள் மாமா, இறந்ததிலிருந்து விடுமுறை நாளில் அக்காவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. தனியாகக் கிளம்பிப் போனாள். மதியத்துக்குள் புரோகிராம் திறந்துகொண்டது.

"அப்பாடா, வந்துட்டியா" என்றாள். பேச ஆளில்லாமல், பொருள்களோடு பேசிப் பழகியிருந்தாள்.

வெள்ளோட்டமாக, டக்கென்று ஒரு விசையைத் தட்டி ஓர் ஒலியை உள்ளே அனுப்பினாள்.

பச்சை ஒளிர்ந்தது.

கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். நாற்காலி காலி. பட்டன் கொக்கியில் தொங்கியது. அசைவே இல்லை.

ஏதோ கோளாறு என்று ஒலியைக் குறைத்தாள். பச்சை. இன்னும் குறைத்தாள். எந்த மனிதக் காதுக்கும் எட்டாத அளவு அது...

பச்சை.

கையை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தாள். எரியவில்லை.

"என்ன இது..." என்று முணுமுணுத்தாள்.

பச்சை.

அறைக்குள் இருப்பவரோடு பேசும் மைக்கை அழுத்தினாள். "உள்ளே... யாராவது இருக்கீங்களா?"

பச்சை.

ஓடியிருக்க வேண்டும். அவள் ஓடவில்லை. மாமாவிடம் பேசும் குரலில் மெல்லக் கேட்டாள்.

"நீங்களா?"

எரியவில்லை.

"சொல்லுங்க... நீங்கதானே?"

எரியவில்லை.

"அப்போ... யாரு?"

பச்சை. பச்சை. பச்சை.

பாய்ந்து போய் அந்தச் சின்ன அறையின் கதவுக்கு மேசையை முட்டுக் கொடுத்தாள். அது உள்ளேதான் இருக்கிறது, வெளியே வர முடியாது என்று தைரியம் சொல்லிக்கொண்டு, காவலாளி வரும்வரை மேசையைப் பிடித்தபடியே நின்றாள்.

மறுநாள் காலையில் கம்ப்யூட்டர்காரர் வந்து பார்த்தார்.

"சவுண்டே இன்னும் செட் ஆகல மேடம். நீங்க அனுப்பின ஒலி எதுவும் போகல. மைக்கும் வேலை செய்யல."

"நான் பேசினதுக்கெல்லாம் எரிஞ்சுதே?"

அவர் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே மேசையருகில் நின்று தொண்டை கிழியக் கத்தச் சொல்லியிருந்தார். அக்கா கத்தினாள்.

வெளியே வந்தவர் உதட்டைப் பிதுக்கினார். "உள்ளே ஒண்ணுமே கேக்கல."

அக்காவின் மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க பேசினது அதுக்குக் கேட்டிருக்குன்னா மேடம்... அது இந்தப் பக்கம்தான் இருந்திருக்கணும்."