மாமரத்தடியில் விழுந்த வானவில் கிளிகள்

முதல் கிளி விழுந்தபோது நோலீன் பார்டெல் சிரித்துவிட்டாள். அதை நினைத்து அவள் பிறகு பலமுறை வருத்தப்பட்டாள்.

கிளாரன்ஸ் ஆற்றோரக் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். குரல் பெரிது, கோபம் அதைவிடப் பெரிது. எவ்வளவு அடங்காத பிள்ளையும் அவள் வண்டியில் ஏறினால் வாயைப் பொத்திக்கொள்ளும். ஆனால் பின்கட்டுக் கைப்பிடிச் சுவரில் தட்டை வைத்துவிட்டு, "வாங்கடா ரவுடிகளா" என்று கூப்பிடும்போது அந்தக் குரல் இளகிவிடும். நீலத் தலையும் செம்மஞ்சள் மார்புமாக வானவில் கிளிகள் கூச்சலோடு வந்து இறங்கும். தேனில் ஊறிய ரொட்டி நொடியில் காலியாகும். மகள் நாட்டின் மறுகோடியிலுள்ள பெர்த் நகரத்துக்குக் குடிபோன வருஷத்திலிருந்து இதுதான் அவளுடைய காலை.

அந்தக் கோடையில் ஒரு கிளி மாமரத்தடியில் மல்லாந்து கிடந்தது. எழப் பார்த்தது, கால் பின்னிச் சரிந்தது.

"அழுகின மாம்பழத்தத் தின்னுட்டு ஏத்திக்கிச்சு," என்றான் கணவன் டெஸ். "சனிக்கிழமை ராத்திரி நான் வீட்டுக்கு வர்ற மாதிரியே இருக்கு பாரு."

அப்போதுதான் அவள் சிரித்தாள். போதை தெளியட்டும் என்று ஒரு கூடைக்குள் விட்டுவைத்தாள். மறுநாளும் தெளியவில்லை. கிளியால் கண்ணைக்கூட மூட முடியவில்லை. திறந்தபடியே இருந்த கண்ணில் தூசி படிந்திருந்தது. தண்ணீர் காட்டினால் விழுங்கத் தெரியாமல் வாயோரம் வழிந்தது. மாலைக்குள் மரத்தடியில் இன்னும் இரண்டு கிடந்தன.

இது போதையில்லை, யாரோ விஷம் வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குப் பட்டது. பட்டதும் வாய்க்கு வந்துவிடும், யோசனை அப்புறம்தான் வரும். நேரே வேலிக்குப் போனாள். அடுத்த வீட்டு லின்ஸி, எலுமிச்சை மரங்களுக்கு மருந்தடிக்கும் தெளிப்பானைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"கொலைகாரா! என் கிளிங்கள என்னடா பண்ணின?"

லின்ஸி மெதுவாகத் திரும்பினான். "நானா? கடை ரொட்டியையும் தேனையும் வாரிக் கொட்டி அதுங்க வயித்தக் கெடுக்கறது யாரு? என்னைக் கேக்க வந்துட்டா."

பதினைந்து வருஷம் வேலிக்கு மேலே மாம்பழமும் எலுமிச்சையும் மாற்றிக்கொண்டவர்கள். அன்றோடு பேச்சு நின்றது.

கூடையைத் தூக்கிக்கொண்டு நோலீன் ராக்சேனிடம் போனாள். அடிபட்ட காட்டுப் பிராணிகளைத் தன் கொட்டகையில் வைத்துப் பார்ப்பவள் ராக்சேன். உள்ளே பெட்டி பெட்டியாக வானவில் கிளிகள், எல்லாம் அதேபோல் கண் மூடாமல் கிடந்தன.

"ரொட்டி போட்டீங்களா?" என்று ராக்சேன் கேட்டாள்.

நோலீன் தலையாட்டினாள்.

"இதுங்க நாக்கு நுனியப் பாருங்க, தூரிகை மாதிரி இருக்கா? பூந்தேனும் மகரந்தமும் நக்கறதுக்குன்னே வளந்த நாக்கு. ரொட்டில அதுங்களுக்குச் சத்தே கெடையாது. அதுவும் ஒரே தட்டுல இத்தனை வாய் வச்சா, ஒண்ணோட சீக்கு எல்லாத்துக்கும் ஒட்டிக்கும்."

"அப்ப இது என்னாலதானா?"

"நான் அப்படிச் சொல்லல."

"அப்ப லின்ஸியோட மருந்தா?"

"அப்படியும் சொல்லல. பூச்சிமருந்தான்னு சோதிச்சுப் பாத்தாங்க, ஒண்ணும் சிக்கல. யாருமே தீனி வைக்காத தெருவுலயும் விழுதுங்க. ஏதோ ஒரு மரத்தோட பூவோ பழமோதான் விஷம்னு டாக்டருங்களுக்குச் சந்தேகம். எந்த மரம்னு அவங்களுக்கே தெரியல."

"தெரியலன்னா? தெரியலன்னா நான் யாரத் திட்டறது?"

ராக்சேன் ஒரு களிம்புக் குழாயை அவள் கையில் வைத்தாள். "கண்ணு காயாம இருக்கணும். தடவ வருமா?"

வந்தது. விடுமுறை முழுக்க நோலீன் அந்தக் கொட்டகைக்குப் போனாள். ராக்சேன் குழாய்வழியே சத்துநீர் இறக்குவாள். நோலீன் கிளியைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு கண்ணுக்குக் களிம்பு தடவுவாள். சில பிழைத்தன. அதே களிம்பு, அதே நீர், அதே கை. சில விடியும்முன் விறைத்துக் கிடந்தன. ஏன் இது பிழைத்தது, ஏன் அது போனது என்று அவளுக்கு ஒரு கணக்கும் பிடிபடவில்லை.

வீட்டில் தட்டு வைப்பதை நிறுத்திவிட்டாள். கிளிகள் சமையலறைக் கண்ணாடியைக் கொத்திக்கொண்டு கத்தின. நல்லது செய்கிறாளா, பட்டினி போடுகிறாளா என்று புரியாமல் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள்.

"காடு நிறைய பூ பூத்துக் கெடக்கு. அதுங்க ஒண்ணும் சாகாது," என்பான் டெஸ்.

"அந்தப் பூவுலதானே விஷம்ங்கறாங்க?"

டெஸ் எழுந்துபோய்த் திரையை லேசாக விலக்கிப் பார்த்தான்.

ஒரு காலை லின்ஸி வேலியோரம் வந்து நின்றான். கையிலிருந்த தொப்பிக்குள் ஒரு கிளி.

"மருந்தடிச்சு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆனாலும் என் மரத்தடியிலதான் கெடந்துச்சு."

"நானும் ரொட்டி போடறதில்ல," என்றாள் நோலீன்.

இரண்டு பேரும் கிளியைப் பார்த்தார்கள். பழி போட யாரும் இல்லாமல் இருவருக்குமே ஒரு மாதிரியாக இருந்தது.

"அன்னிக்கு நான் கத்துனது தப்பு, லின்ஸி."

"நானும் சும்மா நிக்கலயே. பிடி, இதுக்கு மூச்சு வாங்குது."

அந்தக் கிளி பிழைத்தது. இறக்கை தேறியதும் ராக்சேன் அதைக் கொண்டுவந்து லின்ஸியின் தோட்டத்தில் கூண்டைத் திறந்தாள். ஒரு கணம் தயங்கியது, பிறகு விருட்டென்று கிளம்பி மேலே போன கூட்டத்துக்குள் கலந்துவிட்டது. கூட்டம் ஆற்றைத் தாண்டி, பெயர் தெரியாத ஏதோ பூமரத்தில் போய் இறங்கியது.

"அதுல நம்மளது எது?" என்று லின்ஸி கேட்டான்.

நோலீன் நெற்றியில் கைவைத்து நெடுநேரம் பார்த்தாள். "தெரியல," என்றாள்.