டேப்போடு வந்த வரிக்காரர்

எங்கள் பஞ்சாயத்தை நகராட்சியோடு சேர்த்ததும், வரி போடுவதற்காக வீடு அளக்க ஒருவர் வந்தார். காய்ந்த முருங்கைக்காய் மாதிரி ஒல்லி. எங்கே நுழைந்தாலும் செருப்பைக் கழற்றிவிடுவார். என் ஆட்டுக்கொட்டகைக்குள்கூட வெறுங்காலோடுதான் வந்தார். அவ்வளவு மரியாதையாக வந்துதான் என் வயிற்றில் அடித்தார். கும்மிடிப்பூண்டி கம்பெனிப் பையன்களுக்கு நான் வாசலில் இட்லி விற்கிறேனாம். அதனால் வீடு மொத்தத்துக்கும் கடை வரியாம்.

"நாலு இட்லி வித்தா ஊடு கடையாயிடுமா நைனா?"

"ரூல் ஆயா. நான் இன்னா பண்றது?"

பொறுத்திருந்தேன். மறுநாள் தெருவே கூடி நிற்கும்போது கேட்டேன்.

"பின்தெருல மூணு மாடி ஊட்ட உட்டுட்டியே நைனா. ரூமுக்கு ஆறு பேர வாடகைக்கு வச்சிக்கினு கீறாங்க, பில்லுல இன்னும் குடிசைன்னு கீதாமே?"

அவரும் எங்கள் ஊர்க்காரர்தான். அது அவருடைய சொந்த வீடு. வாடகையை மனைவி வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வாள். அவர் கையில் டீக்குக்கூட வராது. ஊருக்கே தெரியும்.

அவர் நேராகத் தன் வீட்டுக்கு நடந்தார். மழுப்பட்டும், சிரிக்கலாம் என்று பின்னாலேயே போனேன். தெருவும் வந்தது. அவரோ மனைவியிடம் டேப்பின் நுனியை நீட்டினார்.

"புடி. நேரா புடி."

மூன்று மாடியையும் அளந்து, கடை வரி என்று எழுதி, என்னிடம் காட்டினார்.

"உள்ள வா, கீது உனுக்கு!" என்றாள் அவள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். நான் அவரைப் பழிவாங்கினேனா, என்னை வைத்து அவர் அவளைப் பழிவாங்கிக்கொண்டாரா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.